ஹொலென்டால் ரயிலில் ஏறுவது எப்படி: ஒரு மலைப்பாதையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுதல்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃபிரைபர்க் நகரிலிருந்து, கருங்காடு எனப்படும் மலைப்பகுதியில் இருக்கும் டிட்டிசே ஏரிக்கு ரயிலில் சென்றுசேர சுமார் 40 நிமிடங்கள் ஆகும். ஏரியைப் பார்க்கச் செல்பவர்களில் பலர் அந்த நேரத்தைக் கைப்பேசியில் கழித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஏரியைவிட அதற்குப் போகும் வழிதான் அரியது. ஒரே செங்குத்தான ஏற்றத்தைப் பொறியாளர்கள் மூன்று காலங்களில் மூன்று விதமாக வென்ற ஹொலென்டால் பாதை இது.

முதலில் பயணச்சீட்டு. வட்டார ரயில்களுக்கான டாய்ச்லான்ட் டிக்கெட் இங்கே செல்லும். கருங்காட்டில் கோனுஸ் திட்டத்தில் சேர்ந்துள்ள ஊர்களில் தங்குபவர்களுக்கு விடுதியிலேயே ஒரு விருந்தினர் அட்டை தருவார்கள். அதைக் காட்டினால் இந்த ரயிலுக்குத் தனியாகக் கட்டணம் வேண்டாம். அரைமணிக்கு ஒரு வண்டி இருப்பதால் முன்பதிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்று உண்டு. சில வண்டிகள் டிட்டிசேயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி சேபுருக் நோக்கியும் மறுபகுதி நோய்ஷ்டாட் நோக்கியும் சென்றுவிடும். ஆகவே ஏறும் முன் நீங்கள் ஏறப்போகும் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியுள்ள ஊரின் பெயரைப் படித்துவிடுங்கள். நடைமேடைப் பலகையை மட்டும் நம்பி ஏறுபவர்கள்தான் டிட்டிசேயில் மூட்டையும் கையுமாக அடுத்த பெட்டிக்கு ஓடுகிறார்கள்.

நகரத்தை விட்டு வெளியேறியதும் சமவெளியும் பண்ணைகளும் வரும். ஹிம்மல்ரைஷ் நிலையம் வரை நிதானமாக உட்கார்ந்திருக்கலாம். ஹிம்மல்ரைஷ் என்றால் விண்ணரசு. அதை அடுத்து ரயில் நுழையும் ஹொலென்டால் என்றால் நரகப் பள்ளத்தாக்கு. விண்ணரசில் நின்றுவிட்டு நரகத்துக்குள் மேல்நோக்கி ஏறும் ரயில் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 455 மீட்டரில் இருக்கும் இந்த நிலையத்தைத் தாண்டியதும் எழுந்து கதவருகே போய்விடுங்கள். பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கிவரும் என்பதால், எந்தப் பக்கம் உட்காருவது என்ற வழக்கமான விவாதத்துக்கு இங்கே பொருளில்லை.

பள்ளத்தாக்கு மிகவும் குறுகும் இடத்துக்கு ஹிர்ஷ்ஷ்ப்ருங், அதாவது மான் பாய்ச்சல், என்று பெயர். வேட்டைக்காரனுக்குத் தப்பிய மான் ஒன்று இங்கே ஒரு பாறையிலிருந்து மறுபாறைக்குத் தாவியதாகக் கதை சொல்வார்கள். 1907 முதல் ஒரு வெண்கல மான் அந்தப் பாறைமேல் நிற்கிறது. ரயில் வரலாற்றில் முக்கியமான ஏற்றம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இங்கிருந்து ஹின்டர்சார்டன் வரை, சுமார் 7 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 55 மீட்டர் உயரம் கூடுகிறது. பொறியாளர் ராபர்ட் கெர்விக் திட்டமிட்ட இந்தப் பாதை, அவர் இறந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின் 1887இல் திறக்கப்பட்டபோது, வழுவழுப்பான சக்கரங்களால் அந்த ஏற்றத்தில் ஏற முடியவில்லை. எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் தண்டவாளம் ஒன்றைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். வண்டி ஏறியது, ஆனால் மிக மெதுவாக.

அந்த வேகக்குறைவை ஒழிக்கும் வேலை ஒரு பாலத்தில் தொடங்கியது. ஹின்டர்சார்டனை நெருங்கும்போது ரவென்னா ஓடையின் மேல் ரயில் செல்லும். சில நொடிகள்தான், தவறவிடாதீர்கள். பழைய இரும்புப் பாலம் கடும் வளைவில் நின்றது; கனமான எஞ்சின்களுக்கு அது தாங்காது. அதற்குப் பதிலாக 1927இல் கட்டி முடிக்கப்பட்ட, ஒன்பது வளைவுகளும் 224 மீட்டர் நீளமும் கொண்ட கல்பாலம் வந்த பிறகுதான், இந்தப் பாதைக்கென்றே பத்து எண்ணிக்கையில் செய்யப்பட்ட 85ஆம் வரிசை நீராவி எஞ்சின்களை ஓட்ட முடிந்தது. தம் எடையாலேயே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அவை வந்ததும், 1933இல் பல் தண்டவாள ஓட்டம் நின்றது. 1945இல் பின்வாங்கிய ஜெர்மன் படையினர் பாலத்தைத் தகர்த்தார்கள். போருக்குப் பின் அது மீண்டும் எழுப்பப்பட்டது.

இப்போது தலைக்கு மேலே ஓடும் மின்கம்பியைப் பாருங்கள். ஜெர்மன் ரயில்வே நொடிக்கு பதினாறே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவான, தனக்கென்று தயாரிக்கப்படும் மின்சாரத்தில் ஓடுவது; ஊருக்கெல்லாம் வரும் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுற்று) மின்சாரத்தில் அக்கால ரயில் மோட்டார்கள் கடுமையாகப் பொறி கக்கின. பொது மின்சாரத்தையே பயன்படுத்த முடிந்தால் தனி மின்நிலையங்கள் தேவைப்படாது என்பதால், 1936இல் இந்தப் பாதையில் 20 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் சோதனை தொடங்கப்பட்டது. நான்கு எஞ்சின்களை நான்கு நிறுவனங்களிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். போருக்குப் பின் இப்பகுதி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வந்தது. இங்கே கண்டதை வைத்து பிரெஞ்சுப் பொறியாளர்கள் தம் நாட்டில் வளர்த்தெடுத்த முறையே, 1950களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுக்கொண்ட 25 கிலோவோல்ட் முறை. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் நேர்மின்சாரத்தை விட்டு மாறியதும் அதற்குத்தான். வேடிக்கை என்னவென்றால், சோதனை நடந்த இந்தப் பாதை மட்டும் 1960இல் ஜெர்மனியின் பழைய முறைக்கே திரும்பிவிட்டது.

ஹின்டர்சார்டன் தாண்டியதும் ஏறத்தாழ 893 மீட்டரில் பாதை உச்சியைத் தொட்டு, டிட்டிசேக்கு இறங்குகிறது. நேரமிருந்தால் 1926இல் திறக்கப்பட்ட சேபுருக் கிளையில் ஃபெல்ட்பெர்க்-பேரன்டால் வரை போங்கள். 967 மீட்டரில் உள்ள அது ஜெர்மன் ரயில்வேயின் வழக்கமான அகலமுள்ள (ஸ்டாண்டர்ட் கேஜ்) பாதைகளில் இருக்கும் நிலையங்களில் மிக உயரமானது. 1901இல் சேர்க்கப்பட்ட டோனாவெஷிங்கன் வரையிலான கிழக்குப் பகுதிக்கு மின்கம்பி 2019இல்தான் வந்தது.

திரும்பும்போது ஹின்டர்சார்டனில் இறங்கி, காட்டுப் பாதையில் ரவென்னா ஓடை வரை நடந்து இறங்குவதையே நான் பரிந்துரைப்பேன். நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். ஈரத்தில் பாதை வழுக்கும். பாலத்தின் அடியில் வந்து நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒரு வண்டி என்பதால் மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என விரைவில் வந்துவிடும். ஏறி வரும் வண்டியின் மோட்டார் முனகலை ரயில் கண்ணில் படுவதற்கு முன்பே பள்ளத்தாக்கில் கேட்கலாம்.