பொது இடங்களின் உள்ளக வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகம், மருத்துவமனை, சமுதாயக்கூடம் போன்ற பொது இடங்களின் உள்ளக வடிவமைப்பில் நேரும் தவறுகளுள் முதன்மையானது, எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுப் பிறகு மக்களிடம் கருத்துக் கேட்பதாகும். அறைப் பிரிவுகளும் இருக்கைகளின் எண்ணிக்கையும் வரைபடத்தில் உறுதியான பின் கூட்டம் கூட்டினால், வந்தவர்கள் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி மட்டுமே பேச முடியும். குடிமக்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1969-இல் விளக்கிய அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன், வெறும் கருத்துக் கேட்பை நடுப்படிகளில், பெயரளவுப் பங்கேற்பு என்னும் வகையில்தான் வைத்தார். ஆகவே இடத்தைப் பயன்படுத்தப்போகிறவர்களை முதல் கோடு வரைவதற்கு முன்பே அழைப்பதோடு, செலவுக் கணக்கையும் அவர்கள் முன் வைக்க வேண்டும். எதற்குப் பணம் ஒதுக்குவது, எதைக் கைவிடுவது என்பதில்தான் உண்மையான முடிவு அடங்கியிருக்கிறது. அந்தக் கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்தால், ஒருநாள் கூலியை இழக்க முடியாதவர்கள் வரமாட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது, விதிமுறை கேட்கும் அளவோடு நின்றுவிடுவது. 1:12 சரிவில், அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாக, சாய்தளம் அமைத்துவிட்டு அதைப் பின்வாசலில் வைத்தால், விதி நிறைவேறும். வருபவரின் மரியாதை குலையும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். வரைபடத்தில் இருக்கும் அந்த வட்டத்தைத் திறப்பு விழாவுக்குப் பின் ஒரு பூந்தொட்டியோ விளம்பரப் பலகையோ பிடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மருத்துவமனையில் 110 செ.மீ. உயரமுள்ள வரவேற்பு மேசையின் முன் சக்கர நாற்காலியில் வருபவரின் கண்மட்டம் மேசை விளிம்பையே எட்டுகிறது. அவர் படிவத்தை மடியில் வைத்து எழுதுகிறார், ஊழியரோ எழுந்து குனிந்து உரக்கக் கேட்க, வந்தவருடைய நோய் விவரம் அறை முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. மேசையின் ஒரு பகுதியை 80 செ.மீ. அளவுக்குத் தாழ்த்தி, கீழே முழங்கால் நுழைய இடம் விட்டால் இவை அனைத்தும் தீரும்.

வீடற்றவர்கள் படுத்துவிடக் கூடாதென்று இருக்கைகளின் நடுவே கைப்பிடிகளைப் பொருத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆயினும் கைப்பிடியே கூடாது என்பதும் பிழை. ஊன்றி எழ முதியவர்களுக்கு அது தேவை. சில இருக்கைகளுக்குக் கைப்பிடி வைத்து, சிலவற்றைத் தடையின்றி விடுவதே சரி.

ஒரு சமூகத்தின் கோலங்களையும் நெசவு வடிவங்களையும் சுவரில் அச்சிட்டுவிட்டு, அக்கலைஞர்களுக்கு வேலை தராமல் விடுவதும் அநீதியே.

கடைசியாக, அந்த இடத்தில் உழைப்பவர்களை மறப்பது. வெண்ணிறத் தரையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை நாள்தோறும் பலமுறை துடைக்கப்போகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. துடைப்பமும் வாளியும் வைக்க அறையில்லாததால் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்குள் போகின்றன. துப்புரவுப் பணியாளர்கள் மாடிப்படிக்கு அடியில் அமர்ந்து உண்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் உள்ள ஓய்வறை ஒன்றையும், தண்ணீர்க் குழாயோடு கூடிய பொருளறை ஒன்றையும் முதல் வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.