லாக்டேட்: கால்வலிக்கும் மூளைக்கும் நடுவே நாம் செய்யும் தவறுகள்

லோயர் கேம்ப் பக்கம் விடியற்காலையில் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகும் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். "லாக்டிக் ஆசிட் சேர்ந்துருச்சுண்ணே, அதான் கால் வலிக்குது" என்பார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கவேண்டும் என்று எடுத்த எடுப்பில் முட்டி மோதி ஓடினால் மறுநாள் படி இறங்க முடியாதுதான். ஆனால் பழியைத் தப்பான ஆள்மேல் போடுகிறோம். லாக்டிக் ஆசிட் உடம்புக்குள் லாக்டேட் என்ற வடிவில்தான் இருக்கும்; தசை சர்க்கரையை வேகமாக உடைக்கும்போது உண்டாவது. ஓடும்போது ரத்தத்தில் ஏறிய லாக்டேட் ஒரு மணி நேரம் வாக்கில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் வலிப்பது தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால். குமுளி மலைரோட்டில் ஏறி ஓடியதைவிட இறங்கி ஓடிய பிறகுதான் தொடை அதிகம் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் இறக்கத்தில் உண்டாகும் லாக்டேட் குறைவு.

இந்தப் பழியிலிருந்துதான் "லாக்டேட் என்றால் கழிவு" என்ற நினைப்பும் வந்தது. உண்மையில் இதயமும் கல்லீரலும் அதை வாங்கிப் பயன்படுத்திக்கொள்கின்றன. மூளையும் அப்படித்தான். நரம்புசெல்களுக்குப் பக்கத்துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் லாக்டேட்டைத் தயாரித்து நரம்புசெல்களுக்குக் கொடுக்கின்றன என்று 1994-ல் பெல்லரின், மாஜிஸ்ட்ரெட்டி என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். எவ்வளவு கொடுக்கின்றன என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

சரி, கழிவு இல்லை, எரிபொருள் என்று ஒப்புக்கொண்டவர்கள் அங்கேயே நின்றுவிடுவது அடுத்த தவறு. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப் ஆளையும் ஏற்றும், அதன் ஹாரன் சத்தத்தில் தெருவே எழுந்து அடுப்பும் பற்றவைக்கும். லாக்டேட்டும் இப்படி இரட்டை வேலை பார்க்கிறது. செல்லின் மேற்பரப்பில் ஹெச்.சி.ஏ.ஆர்.1 என்றொரு ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம், இருக்கிறது. லாக்டேட் அதில் வந்து ஒட்டினால் போதும், எரியவே வேண்டாம், செல்லுக்குள் செய்தி போய்விடும். 2017-ல் வந்த ஓர் ஆய்வில், ஓடவிட்ட எலிகளின் மூளையில் புதிய ரத்த நுண்குழாய்கள் கூடின. ஓடாமல் லாக்டேட் ஊசி மட்டும் போட்டுக்கொண்ட எலிகளுக்கும் அதே பலன். இந்த ஏற்பி இல்லாத எலிகளிடம் இரண்டுமே பலிக்கவில்லை.

அதற்காக எல்லாச் செய்தியும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011-ல் எலிகளின் நினைவாற்றலை வைத்துச் செய்த சோதனையில், ஆஸ்ட்ரோசைட்டில் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்திருந்த சர்க்கரை உடைவதைத் தடுத்ததும் பழகிய பாடம் நீண்டநாள் நினைவில் நிற்கவில்லை. லாக்டேட்டைக் கொடுத்ததும் நினைவு திரும்பியது. ஆனால் நரம்புசெல்லுக்குள் லாக்டேட்டைக் கொண்டுபோகும் எம்.சி.டி.2 என்ற புரதத்தைக் குறைத்தபோது லாக்டேட் கொடுத்தும் பயனில்லை. இங்கே அது செல்லுக்கு உள்ளேயே போயாக வேண்டும். மேற்சொன்ன ஏற்பியின் கதைக்கு நேர் எதிர் இது. எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான்.

எலியில் பார்த்ததை மனிதனுக்கு அப்படியே தூக்கி ஒட்டுவதுதான் இப்போது வீடியோக்களில் ஓடும் தவறு. உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் மூளையில் பி.டி.என்.எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கூட்டுகிறது என்று 2019-ல் சொன்னதும் எலிகளை வைத்துத்தான். "லாக்டேட் குடித்தால் ஞாபகசக்தி" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். தயிரோ மோரோ கூடுதலாகக் குடிப்பதாலும் மூளைக்குத் தனிச்செய்தி எதுவும் போகாது. வெயிலுக்கு நல்லது, குடியுங்கள். சும்மா இருக்கும்போது ரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிமோல் வாக்கில் இருக்கும் லாக்டேட், மூச்சிரைக்க ஓடினால் 10-ஐயும் தாண்டும். அந்த ஏற்றத்தைத் தருவது கால்தான், பாட்டில் இல்லை.

கடைசியாக ஒன்று, இதில் விளையாடக் கூடாது. "லாக்டேட் மூளைக்கு நல்லதாமே" என்று ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் அது கூடியிருப்பதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். ஓடாமல் கொள்ளாமல் படுத்திருப்பவருக்கு 4-க்கு மேல் இருந்தால், உறுப்புகளுக்கு ரத்தம் போதவில்லை, கிருமித்தொற்று ரத்தத்தில் கலந்து முற்றுகிறது என்பதுபோன்ற ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். டாக்டர் உடனே பார்க்க வேண்டும். ரத்தம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி எடுத்தால் அளவு கூடிக்காட்டும். சிவப்பணுக்கள் டியூபுக்குள்ளும் லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் என்பதால், மலைமேல் எடுத்த ரத்தத்தைச் சாதா டியூபில் கீழே கம்பத்துக்கு அனுப்பினால் வரும் எண்ணை நம்ப முடியாது. ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூபில், ஐஸில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.