கான்ஸ்ட் போட்டதும் பூட்டு விழுந்துவிடாது

சிங்கப்பூரில் விற்கும் வைஃபை ரவுட்டர்கள் 2021 முதல் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது, மென்பொருளைப் புதுப்பிக்க வழி வேண்டும் என்ற அளவிலான நிபந்தனைகள் அவை. உள்ளே ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் எந்தத் தரவை மாற்ற முடியாதபடி வைத்திருக்கிறோம் என்பது, இங்கே ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நிரல் எழுதும் நம்மவர்களின் பொறுப்பு.

கெர்னல் நினைவகத்தில் ஓரிடத்தில் எழுத வழி கிடைத்த ஊடுருவி முதலில் தேடுவது ஃபங்ஷன் பாயிண்டரை, அதாவது அடுத்து எந்த நிரல்பகுதி ஓட வேண்டும் என்று காட்டும் முகவரியைத்தான். அதை மாற்றிவிட்டால் கெர்னலே அவன் சொன்ன இடத்துக்குப் போகும். அதனால்தான் இத்தகைய பாயிண்டர்கள் அடங்கிய அட்டவணைகளை ‘கான்ஸ்ட்’ (மாறாதது) என்று அறிவித்து, படிக்க மட்டுமே முடிகிற நினைவகப் பக்கங்களில் வைக்கிறோம்.

இதில் அதிகம் காணும் தவறு, சி மொழியில் எழுத்துச் சரங்களின் பட்டியலை அறிவிக்கும்போது, பாயிண்டரைக் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கு முன்னால் மட்டும் கான்ஸ்ட் போடுவது. அப்போது பூட்டப்படுவது எழுத்துகள். அவற்றைக் காட்டும் பாயிண்டர் திறந்தே கிடக்கிறது. குறிக்குப் பின்னாலும் ஒரு கான்ஸ்ட் தேவை. கெர்னல் நிரலைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் இதை எச்சரிக்கும், நாம்தான் படிப்பதில்லை.

அடுத்தது, இயங்கும்போது நினைவகம் ஒதுக்கி, அதில் அட்டவணையை நிரப்புவது. அந்த இடம் எழுதத் திறந்தே இருக்கும். வன்பொருளின் இரண்டு பதிப்புகளுக்கு இரண்டு விதமான செயல்பாடுகள் என்றால் இரண்டு கான்ஸ்ட் அட்டவணைகளை எழுதி, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுப்பதே சரி. சில வரிகள் கூடும், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் எழுத வேண்டிய மாறிகளுக்காக, 2016இல் வந்த 4.6 பதிப்பில் ‘ரோ ஆஃப்டர் இனிட்’ (தொடக்கத்துக்குப் பின் படிக்க மட்டும்) என்ற குறி சேர்ந்தது. இதில் சறுக்குவது ‘தொடக்கம்’ எப்போது முடிகிறது என்பதில். கெர்னலில் தனியாக ஏற்றப்படும் நிரல்துண்டான மாட்யூலில், அதன் தொடக்க வேலையைச் செய்யும் இனிட் ஃபங்ஷன் முடிந்ததுமே பூட்டு விழுந்துவிடும். ஆனால் வன்பொருளை இயக்கும் டிரைவரின் ப்ரோப் (கருவி கிடைத்ததும் அதைத் தயார்செய்யும் ஃபங்ஷன்) அதற்குப் பிறகும் வரலாம்: யூஎஸ்பி கருவியைப் பின்னர் செருகினால், அல்லது மின்வழங்கியின் டிரைவர் தயாராகாததால் ப்ரோப் தள்ளிப்போனால். அப்போது அந்த மாறியில் எழுதினால் கெர்னல் ‘ஊப்ஸ்’ என்ற பிழைச்செய்தி அடித்து விழும். மேசையில் இருக்கும் பலகையில் ஒழுங்காக ஓடியது, வாடிக்கையாளர் வீட்டில் விழும். கருவி உறங்கி விழிக்கும்போதும், சிபியு ஒன்று அணைந்து மீளும்போதும் இதே கதைதான். இதற்குப் பயந்து குறியையே எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எழுதும் வரியை இனிட்டுக்கு நகர்த்த முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பிழைதேடும்போது, இந்தப் பூட்டையே அணைக்கும் ‘ரோடேட்டா ஆஃப்’ என்பதை, கெர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் சேர்த்துவிட்டு, அப்படியே வெளியீட்டுக்கு அனுப்புவது இன்னொன்று. கதவைப் பூட்டிச் சாவியை வாசல் செருப்பு அடுக்கில் வைக்கும் வேலை.

எல்லாம் சரியாக எழுதினாலும் வன்பொருள் ஒத்துழைக்க வேண்டும். 32 பிட் மிப்ஸ் சிப்புள்ள ரவுட்டர்களில் கெர்னல் வழக்கமாக கேசெக்0 என்ற நினைவக முகவரிப் பகுதியில் இருக்கும். அந்த முகவரிகள், எந்தப் பக்கத்தில் எழுதலாம் என்று சொல்லும் பக்க அட்டவணை வழியாகப் போவதே இல்லை. எழுதத் தடை வைக்கப் பக்கமே கிடையாது. அங்கே கான்ஸ்ட் கம்பைலருக்குக் கொடுத்த வாக்குறுதி மட்டும்.

தடை இருக்கும் சிப்பிலும் எல்லாவற்றையும் பூட்ட இயலாது. மாட்யூல் ஏற்றும் நிரலின் பாதையை வைத்திருக்கும் ‘மாட்ப்ரோப் பாத்’ இயங்கும்போது மாற்றக்கூடிய சரம். ஊடுருவிகளுக்குப் பிடித்த இலக்கும் அதுவே. அதற்கு ‘ஸ்டேட்டிக் யூசர்மோட் ஹெல்ப்பர்’ என்ற தனி அமைப்பு இருக்கிறது.

சந்தேகம் இருந்தால், கெர்னலை வேண்டுமென்றே தவறு செய்யவைத்துச் சோதிக்கும் எல்கேடிடிஎம் மாட்யூலைச் சோதனைக் கருவியில் ஏற்றி, படிக்க மட்டுமான இடத்தில் எழுதிப் பார்க்கும் ‘ரைட் ரோ’ சோதனையை ஓட்டுங்கள். கெர்னல் ஊப்ஸ் அடித்தால் பூட்டு வேலை செய்கிறது. தப்பிப் பிழைத்ததாகப் பதிவில் வந்தால் கட்டமைப்பை மறுபடி பாருங்கள். விற்பனைக்குப் போகும் ஃபர்ம்வேரில் அந்த மாட்யூல் இருக்கக் கூடாது.