மாமூல் பத்தியைக் காலியாக விடாதீர்கள்: அமைப்புரீதியான குற்றத்தை வரையறுப்பதும் ஆவணப்படுத்துவதும்

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நாளிதழ்கள் 'திட்டமிட்ட குற்றம்' என்று எழுதுகின்றன. சொத்துக்காக அண்ணனை ஒருவன் மூன்று மாதம் யோசித்துக் கொன்றால் அதுவும் திட்டமிட்ட குற்றம்தான். ஆனால் அங்கே குழு இல்லை, தொடர்ச்சி இல்லை, அது தொழிலும் இல்லை. இங்கே பேசப்போவது தொழிலாக நடக்கும் குற்றத்தைப் பற்றி: மணல், கஞ்சா, கந்துவட்டி, நில அபகரிப்பு, கூலிப்படை, ஆள் கடத்தல். அதனால் 'அமைப்புரீதியான குற்றம்' என்றே எழுதுகிறோம். தமிழ்நாட்டில் ஒரு தாலுகாவையோ ஒரு தொழிலையோ எடுத்துப் பதிவுசெய்ய முனையும் செய்தியாளர், ஆய்வாளர், சட்ட உதவிக் குழு ஆகியோருக்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டாக மணலை வைத்துக்கொள்வோம்.

வரையறை: ஒரே பக்கம், முதல் நாளே

களத்துக்குப் போகும் முன் வரையறையை ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். பிறகு எழுதினால், கையில் கிடைத்த ஆட்களுக்கு ஏற்ப வரையறை வளையும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். நாடு கடந்து செயல்படும் குற்றக் குழுக்களுக்கு எதிராக 2000-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பலெர்மோ உடன்படிக்கை (இந்தியா 2011-இல் உறுதிசெய்தது) மூன்று பேர் அல்லது அதற்கு மேல், சில காலம் நீடிக்கும் கட்டமைப்பு, குறைந்தது 4 ஆண்டு உச்சத் தண்டனை உள்ள கடுங்குற்றம், பண ஆதாயம் என்று வகுக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவுக்கு இரண்டு பேரே போதும். 3 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய, போலீஸ் நேரடியாகக் கைதுசெய்யத்தக்க குற்றமாக இருக்க வேண்டும். அதோடு ஒரு பெரிய நிபந்தனையும் உண்டு: கடந்த 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றை விசாரணைக்கு ஏற்றிருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த நிபந்தனை அது. அந்தக் குற்றப்பத்திரிகைகள் ஒவ்வொரு ஆள்மீதும் தனித்தனியாக இருக்கத் தேவையில்லை, குழுவின்மீது இருந்தால் போதும் என்று கர்நாடகத்தின் இதேபோன்ற சட்டத்தை வைத்து 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 112-ஆம் பிரிவு சில்லறைக் குழுக் குற்றங்களுக்கானது: திருட்டு, பறிப்பு, சூதாட்டம், வினாத்தாள் விற்பனை போன்றவை. அதை 111-உடன் சேர்த்து எண்ணாதீர்கள்.

இந்தக் குற்றப்பத்திரிகை நிபந்தனையில்தான் பலருடைய ஆவணங்கள் சறுக்குகின்றன. போலீஸ் யாரைப் பிடித்து நீதிமன்றம் வரை கொண்டுபோனதோ அவர்களை மட்டுமே சட்டம் எண்ணும். அதிகாரத்தில் இருப்பவர்கள் தரும் பாதுகாப்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்குக் குழு அந்தக் கணக்கிலிருந்து நழுவும். மணலையே பாருங்கள். 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கும். 23ஏ பிரிவுப்படி பணம் கட்டிச் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம். ஒரு குழு பத்து ஆண்டுகள் ஆற்றைத் தோண்டி, பிடிபட்டபோதெல்லாம் தொகை கட்டி வண்டியை மீட்டுக்கொண்டே இருந்தால், 111-ஆம் பிரிவின் கண்ணுக்கு அது பூஜ்யம். மணல் திருட்டுக்குப் பொதுத் தண்டனைச் சட்டத்தின் திருட்டுப் பிரிவிலும் வழக்குத் தொடரலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த நிலையம் எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே நீங்கள் குறித்துவைக்க வேண்டிய தகவல்.

ஆகவே இரண்டு வரையறை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி. ஒன்று சட்ட வரையறை: 111-க்குள் வருகிறதா, ஆம் அல்லது இல்லை. மற்றொன்று ஆய்வு வரையறை. இதற்கு 1990 முதல் ஜெர்மன் போலீஸ் பயன்படுத்தும் அளவுகோல் நன்றாகப் பொருந்துகிறது: இரண்டு பேருக்கு மேல், வேலைப் பிரிவினையோடு, நீண்ட காலம் அல்லது கால வரம்பில்லாமல், லாபத்துக்காகவோ அதிகாரத்துக்காகவோ கணிசமான குற்றங்களைத் திட்டமிட்டுச் செய்வது, அதோடு வணிக அமைப்பு, வன்முறை அல்லது மிரட்டல், அரசியல்-நிர்வாகம்-நீதித்துறை-ஊடகத்தில் செல்வாக்கு ஆகிய மூன்றில் ஒன்றாவது இருப்பது. 'நீண்ட காலம்' என்பதற்கு நீங்களே எண் வையுங்கள். ஆறு மாதத்துக்குக் குறையாத காலத்தில் மூன்று தனிச் சம்பவங்கள் என்பது தாலுகா அளவிலான வேலைக்குச் சரியாக வரும்.

சாதிக்கென்று எந்தப் பத்தியும் கூடாது, ஊர்ப்பெயரைக் குழுவின் பெயராக வைக்கவும் கூடாது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்துக் குற்றவாளியை வரையறுத்தது. அது சென்னை மாகாணத்துக்கு வந்த பிறகு 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் போய் முடிந்தது. வரையறையில் செயலும் உறவும் மட்டும் இருக்கட்டும்.

சம்பவத் தாள்

ஒரு சம்பவத்துக்கு ஒரு தாள். ஆளுக்கு ஒரு தாள் வைத்தால் அது இரண்டாவது ரவுடிப் பட்டியலாகிவிடும். அந்த வேலையைப் போலீஸ் நிலையத்தின் சரித்திரப் பதிவேடு (ஹிஸ்டரி ஷீட்) ஏற்கெனவே செய்கிறது.

தாளில் தேதி, நேரம், கிராமம், சர்வே எண் முதலில் வரட்டும். 'ஆற்றங்கரை' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே இடம் தெரியாது. அளவை யூனிட்டில் எழுதுங்கள்: 1 யூனிட் என்பது 100 கன அடி, ஏறக்குறைய 2.83 கன மீட்டர். மக்கள் 'லோடு' என்பார்கள். டிப்பர் லாரி லோடும் டிராக்டர் லோடும் மாட்டுவண்டி லோடும் வேறுவேறு. வண்டி வகை தெரியாமல் லோடை யூனிட்டாக மாற்றாதீர்கள். சொன்னது சொன்னபடி இருக்கட்டும். நடைச்சீட்டு (மணலை ஏற்றிச் செல்ல ஒவ்வொரு நடைக்கும் தரும் அனுமதிச் சீட்டு) இருந்ததா, அதில் உள்ள தேதி, நேரம், வண்டி எண், அளவு ஆகியவை நேரில் கண்டதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரே சீட்டைப் பல நடைக்குக் காட்டுவது பழைய வழக்கம் என்பதால் சீட்டு எண்ணைத் தவறாமல் குறியுங்கள்.

அடுத்தது பங்கு. சாலையில் வேவு பார்ப்பவர், அள்ளுபவர், ஓட்டுநர், வண்டி உரிமையாளர், மணலைக் குவித்துவைக்கும் யார்டுக்காரர், முதல் போட்டவர், அதிகாரிகளிடம் பேசி முடிப்பவர். தெரியாத பங்குக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதுங்கள், வரியையே நீக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் ஓட்டுநர் பெயர்தான் இருக்கும். அதை மட்டும் வைத்துத் தொடர்புப் படம் வரைந்தால், நாள்கூலிக்கு வண்டி ஓட்டியவர் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார். அப்படி ஒரு படம் வந்தால் பிழை உங்கள் தரவில் இருக்கிறது.

பிறகு மாமூல் பத்தி. இதைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள், அமைப்புரீதியான குற்றத்தைச் சாதாரணத் திருட்டிலிருந்து பிரித்துக் காட்டுவதும் இதுதான். நான்கு கேள்விகள் போதும்: எதற்கு எவ்வளவு (நடைக்கா, வாரத்துக்கா, மாதத்துக்கா), யார் கையால், எந்தப் பதவிக்கு, பதிலுக்கு என்ன கிடைத்தது. கடைசிக் கேள்விக்குக் காகிதத்திலேயே தடயம் இருக்கும். வண்டி எண் தெரிந்திருந்தும் உரிமையாளர் வழக்கில் சேர்க்கப்படவில்லை. ஒரே வண்டி ஓராண்டில் மூன்று முறை பிடிபட்டு மூன்று முறையும் விடுவிக்கப்பட்டது. சோதனை நடந்த நாட்களில் மட்டும் யார்டு காலியாக இருந்தது. இவை அறிகுறிகள். 'அறிகுறி' என்ற தலைப்பிலேயே எழுதுங்கள், லஞ்சம் நிரூபணமானதாக எழுதாதீர்கள். மும்பைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு 1993-இல் அமைக்கப்பட்ட வோரா குழு குற்றக் குழு, அரசியல், நிர்வாகம் மூன்றுக்கும் உள்ள பிணைப்பைப் பேசியது. உங்கள் தாளில் அந்தப் பிணைப்புக்குத் தேதியும் இடமும் பதவியும் கிடைக்க வேண்டும்.

வன்முறைக்கும் தனிப் பத்தி உண்டு. 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் குறித்துப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இப்படியொரு கொடுமையைப் பதியும்போது, தீர்ப்பு நிறுவியது எது என்பதோடு நிறுத்துங்கள். அந்த இருவருக்குப் பின்னால் குழு உண்டு என்று காட்ட வேறு தாள்கள் வேண்டும். கோபம் அதற்கு ஈடாகாது.

எங்கே தேடுவது, எது ஏமாற்றும்

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற நுண்ணிய வழக்குகளுக்கு விலக்கு உண்டு. குற்றப்பத்திரிகையை அப்படி ஏற்றத் தேவையில்லை என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. எனவே வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்ட, ஒவ்வொரு வழக்குக்கும் உரிய தனி அடையாளம்) கண்டுபிடித்து, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் நிலையைத் தொடருங்கள். அதிகம் பயன்படாத புதையல் ஒன்று உண்டு: உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகள். முந்தைய வழக்குகள் எத்தனை, யாருடைய பங்கு என்ன என்று அரசுத் தரப்பு சொன்னது அவற்றில் சுருக்கமாக இருக்கும். ஆனால் அது அரசுத் தரப்பின் கூற்று மட்டுமே.

சமரசத் தொகை வசூல், பறிமுதல் வண்டிகள், விடுவித்த தேதி ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'மணல் கடத்தல் பற்றிய விவரம்' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'இன்ன தாலுகாவில், இன்ன ஆண்டில், 23ஏ பிரிவில் வசூலித்த தொகைகளின் பதிவேட்டு நகல்' என்று கேளுங்கள். விசாரணை நடக்கிறது என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தால், தகவல் தருவது விசாரணையை எப்படித் தடுக்கும் என்று அலுவலர் விளக்க வேண்டும் என 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை முதல் மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள். யார்டு நிலத்துக்கு வில்லங்கச் சான்று. தேர்தலில் நின்றவராக இருந்தால் வேட்புமனுவோடு தந்த 26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரம்.

ஏமாற்றும் எண்கள் இரண்டு. குண்டர் சட்டக் கைது என்பது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 மாதம் வரையான தடுப்புக் காவல். விசாரணையும் தண்டனையும் அதில் இல்லை. அதைத் தண்டனைப் பத்தியில் சேர்த்தால் முழு அட்டவணையும் பொய்யாகிவிடும். இரண்டாவது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை. ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படும். மாமூல் கேட்டு மிரட்டிக் கொன்றால் கொலையில் ஒன்று கூடும், மிரட்டிப் பறித்தலில் கூடாது. மிரட்டல் குறைந்துவிட்டது என்று அதை வைத்து எழுதுபவர்கள் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு மதிப்பெண் போடுங்கள்: மூலம் எவ்வளவு நம்பத்தக்கது (ஏ முதல் எஃப்), தகவல் எவ்வளவு உறுதியானது (1 முதல் 6). நல்லவர் காதில் விழுந்ததைச் சொல்லலாம். நம்ப முடியாதவர் ரசீதைக் காட்டலாம். மூன்று நாளிதழ்கள் ஒரே போலீஸ் செய்திக்குறிப்பை வெளியிட்டால் அது ஒரே மூலம். இரண்டு குழுக்களை ஒன்றென எழுத ஒன்றையொன்று சாராத இரண்டு இணைப்புகள் வேண்டும்: ஆள், பணம், வண்டி, யார்டு இவற்றில் எவையேனும் இரண்டு. ஒரே கல்யாணப் படத்தில் இருவர் நிற்பது இணைப்பு ஆகாது.

படம், குரல் பதிவு, ஆட்களின் பாதுகாப்பு

படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழியும். மூலக் கோப்பை மெமரி அட்டையிலிருந்தே நகலெடுத்து, அன்றைக்கே ஷா-256 ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டுத் தாளில் எழுதுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தர பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் அதைக் கேட்கிறது.

சொன்னவரின் பெயர் தாளில் வரக்கூடாது. குறியீட்டு எண் மட்டும் போதும். எண்ணையும் பெயரையும் சேர்க்கும் பட்டியல் வேறு இடத்தில், வேறு ஒருவர் கையில் இருக்கட்டும். பெயரை மறைத்தும் ஆள் தெரிந்துபோவது விவரத்தால்தான்: 'கரைக்குக் கிழக்கே கடைசி வீட்டிலிருந்து பார்த்தவர்' என்று எழுதினால் ஊரே விரல் நீட்டும். உள்ளூர் ஆளின் பெயரில் தகவல் மனு போடவே வேண்டாம். முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் தரலாம் என 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வழிகாட்டியது. காரணம் சொல்லவும் தேவையில்லை. சாட்சிக்கு மிரட்டல் வந்தால் 2018-ஆம் ஆண்டுச் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்டக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தை முதல் பேட்டிக்கு முன்பே தயாராக வைத்திருங்கள்.

வெளியிடும்போது இன்னும் தீர்ப்பு வராத ஆளைக் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா சி.என்.ஆர். எண்களையும் திரும்பத் தட்டிப் பாருங்கள். விடுதலை ஆனவரின் வரியை அன்றே திருத்தி, திருத்திய தேதியையும் பழைய பதிவையும் சேர்த்தே வைத்திருங்கள்.