மெக்சிகோ அரசியலை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் திருத்துவதற்காக என்னிடம் வந்த மூன்று கட்டுரைகளிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம் இருந்தது: '2000ஆம் ஆண்டில் புரட்சிக் கட்சி வீழ்ந்து, மெக்சிகோவில் இடதுசாரி ஆட்சி முடிவுக்கு வந்தது.' எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாத இளைஞர்கள். அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன் என்பதால்தான் இந்தக் குறிப்பு. தேதிப் பிழை, எழுத்துப் பிழைகளை இங்கே பேசவில்லை. அவை ஒருமுறை சரிபார்த்தால் தீர்ந்துவிடும்.

கட்சியின் பெயரை வைத்துக் கொள்கையை எழுதுவது

மெக்சிகோ மக்கள் 'ப்ரி' என்று சுருக்கமாக அழைக்கும் கட்சியின் முழுப்பெயரைத் தமிழில் 'நிறுவனப் புரட்சிக் கட்சி' என்று பெயர்த்துவிட்டால், அடுத்த வரியில் 'இடதுசாரி' என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2000 ஜூலை அதிபர் தேர்தலில் பான் என்ற வலதுசாரி எதிர்க்கட்சியின் விசென்டே ஃபாக்ஸ் வென்றபோது ஒரு சிற்றிதழுக்கு நான் அப்படித்தான் எழுதினேன். சோவியத் வீழ்ச்சியோடு ஒப்பிட்டு நான்கு பக்கங்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வரிக்கு வரி மறுத்துக் கடிதம் எழுதினார். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட நேர்ந்தது. அந்தத் தொடரும் அத்தோடு நின்றது.

அவர் கேட்டது ஒரே கேள்விதான்: எந்த ஆண்டின் ப்ரியைச் சொல்கிறீர்கள்?

1929இல் முன்னாள் அதிபர் புளுடார்கோ எலியாஸ் காயெஸ் அதைத் தொடங்கியபோது நோக்கம் பொதுவுடைமை அல்ல. முந்தைய ஆண்டு, அதிபராகத் தேர்வான ஒப்ரெகோன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். பதவிக்காக ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்த தளபதிகளையும் வட்டாரத் தலைவர்களையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவதே நோக்கம். 1938இல் அதிபர் லாசரோ கார்டெனாஸ் தொழிலாளர், விவசாயி அமைப்புகளைக் கட்சியின் அங்கங்களாக்கினார். அதே ஆண்டு எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். இன்றைய பெயர் 1946இல்தான் வந்தது. 1968இல் ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள்மீது சுட்டதும் அந்தக் கட்சியின் அரசே. 1982இல் வங்கிகளை நாட்டுடைமையாக்கியதும், 1990இல் டெல்மெக்ஸ் தொலைபேசி நிறுவனத்தைக் கார்லோஸ் ஸ்லிம் தலைமையிலான குழுவுக்கு விற்றதும் அதே கட்சி. மறுதேர்தல் இல்லாத ஆறாண்டுப் பதவிக்காலத்தை அங்கே 'செக்செனியோ' என்பார்கள். ப்ரியைப் பற்றி எழுதும் முன், யாருடைய செக்செனியோ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமல் எழுதிய கட்டுரையை இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ட்லாடெலோல்கோவில் இறந்த பிள்ளைகளைச் சுட்ட அரசை அது இடதுசாரி ஆக்கிவிடுகிறது.

மற்றக் கட்சிகளிலும் இதே கதைதான். பசுமைக் கட்சி 2000இல் ஃபாக்ஸோடு நின்றது, பின்பு ப்ரியோடு, 2018 தேர்தலுக்குப் பிறகு, அதில் வென்று அதிபரான லோபஸ் ஓப்ரதோரின் இடதுசாரிக் கட்சியான மொரேனாவோடு. இடையில் மரண தண்டனை வேண்டும் என்று பிரசாரம் செய்தது; ஐரோப்பியப் பசுமைக் கட்சிகள் அந்தக் கட்சியோடு உறவை முறித்துக்கொண்டன. 2024இல் ப்ரியும், அதன் நெடுநாள் எதிரியான பானும், ப்ரியிலிருந்து முறித்துக்கொண்டு வந்தவர்கள் முன்னின்று தொடங்கிய பி.ஆர்.டி.யும் சோசில் கால்வெஸ் என்ற ஒரே வேட்பாளரை நிறுத்தின. மொரேனாவின் கிளாடியா ஷீன்பாம் வென்றார். பி.ஆர்.டி. தேசிய அங்கீகாரத்தையே இழந்தது.

முதலாளிகளை ஒரே அணியாக எண்ணுவது

1982 வங்கி நாட்டுடைமைக்குப் பிறகு வட மாநில முதலாளிகள் பலர் பானுக்குள் நுழைந்தார்கள். 1988இல் அதன் வேட்பாளரான மனுவெல் கிளூத்தியர், முதலாளிகள் சம்மேளனத்தின் முன்னாள் தலைவர். ஃபாக்ஸ் மெக்சிகோவில் கோக்கா கோலாவை நிர்வகித்தவர். ஆனால் டெலிவிசா தொலைக்காட்சி நிறுவன உரிமையாளர் எமிலியோ அஸ்காராகா தன்னை ப்ரியின் சிப்பாய் என்றே சொல்லிக்கொண்டார். 1993 பிப்ரவரியில் ப்ரியின் அதிபர் சாலினாஸ் கலந்துகொண்ட ஒரு விருந்தில், பெருமுதலாளிகள் ஒவ்வொருவரிடமும் கட்சிக்காக 2.5 கோடி டாலர் கேட்கப்பட்டது. செய்தி வெளியே வந்து பெரும் சர்ச்சையானது. 2018இல் லோபஸ் ஓப்ரதோரின் அதிபர் அலுவலகத் தலைவராகப் பொறுப்பேற்ற அல்ஃபோன்சோ ரோமோவும் மான்டெர்ரே தொழிலதிபர்தான்.

ஜபாடிஸ்டாக்களை மொரேனாவின் முன்னோடி என்பது

இல்லை. 1994 ஜனவரி 1 அன்று தென்மாநிலமான சியாபாஸில் ஆயுதம் ஏந்திய பழங்குடிக் கிளர்ச்சியாளர்களான ஜபாடிஸ்டாக்கள், 2006இல் லோபஸ் ஓப்ரதோர் உட்பட எல்லா வேட்பாளர்களையும் நிராகரித்து நாடு சுற்றினார்கள். அவர்களின் பேச்சாளராக உலகறிந்த மார்கோஸ் தலைவர் அல்ல, துணைத் தளபதி; அவருக்கு மேலே பழங்குடித் தளபதிகளின் குழு இருந்தது.

ஆசிரியர் சங்கங்களைக் குழப்புவது

எஸ்.என்.டி.இ. பெரிய சங்கம், ப்ரியின் நெடுநாள் துணை. சி.என்.டி.இ. அதனுள்ளிருந்தே எதிர்த்துக் கிளம்பியது. 2006இல் வாஹாகா மாநிலத்தை உலுக்கிய ஆசிரியர்கள் இரண்டாவதைச் சேர்ந்தவர்கள்.

இரண்டு கார்டெனாஸ்

தந்தை லாசரோ. 1988இல் ப்ரியை எதிர்த்து நின்ற மகன் குவாத்தெமோக். முழுப்பெயரை எழுதுங்கள்.