நெட்வொர்க் ஒலிபரப்பு: மலையில் நாம் விடும் தவறுகள்

மேல் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கம்பத்திலிருந்த ஹோர்ன் ஸ்பீக்கர் பேசாமல் இரண்டு வாரமாகிவிட்டது. ஏறிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கேபிள் மேற்பக்கமாக நேரே பெட்டிக்குள் இறங்கியிருந்தது. மழைத்தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே வழிந்து வந்திருக்கிறது. பிளக்கின் எட்டுத் தகடுகளில் நான்கு பச்சை பூத்துப் போயிருந்தன, ஒன்று விரல் பட்டதும் உதிர்ந்தது. பெட்டிக்குள் இருந்த கருவிக்கு ஒரு குறையும் இல்லை. வேறு பிளக் அடித்ததும் பேசியது.

தோட்டத்துக் கோவில், பாடசாலை, பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), தொழிற்சாலை என்று பல இடங்களை ஒரே மைக்கில் இணைக்க இப்போது நெட்வொர்க் ஓடியோ இன்டர்ஃபேஸ் வாங்குகிறார்கள். கையகலப் பெட்டிதான். மைக்கிலிருந்தோ மிக்சரிலிருந்தோ வரும் சத்தத்தை டேட்டாவாக்கி லேன் கேபிளில் அனுப்பும். மறுமுனையில் இருக்கும் பெட்டி அதைத் திரும்பவும் சத்தமாக்கி அம்புக்கு (அம்ப்ளிஃபையர்) கொடுக்கும். ஒரு காலத்தில் விடியற்காலைத் தப்பு மேளச் சத்தம் ஆட்களைப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் இடம்) அழைத்த இடங்களில் இன்று இது வேலை செய்கிறது. நல்ல விஷயம். ஆனால் நான் போய்த் திருத்திக் கொடுத்த இடங்களில் பெட்டி பழுதாகியிருந்தது அபூர்வம். பெட்டியைச் சுற்றிச் செய்த வேலையில்தான் பிழை இருந்தது.

அம்புக்கும் பெட்டிக்கும் நடுவில்

பெட்டி தருவது லைன் அளவு சத்தம், ஏறக்குறைய ஒரு வோல்ட். அதில் நேரடியாக ஹோர்னை மாட்டினால் முனகல்கூடக் கேட்காது. அதையே அம்பின் மைக் துவாரத்தில் சொருகினால் சத்தம் கிழியும், ஏனென்றால் மைக் துவாரம் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட்தான். லைன் அல்லது ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் துவாரத்தில் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. தூரத்து லயங்களுக்கு 100 வோல்ட் லைன், அதாவது அம்பிலிருந்து உயர்ந்த வோல்ட்டில் சத்தம் கொண்டுபோகும் ஸ்பீக்கர் வயர், இழுத்திருப்பார்கள். வீட்டில் சும்மா கிடந்த 8 ஓம் ஸ்பீக்கரையும் யாராவது அந்த லைனிலேயே கட்டிவிடுவார்கள். 100 வோல்ட்டில் 8 ஓம் என்றால் கணக்குப்படி 1250 வொட் கேட்கிறது. 120 வொட் அம்ப் என்ன செய்யும்? ஒன்று தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் எரியும். 100 வோல்ட் லைனில் டிரான்ஸ்ஃபோர்மர் உள்ள ஸ்பீக்கர்களை மட்டும் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை வொட் டெப் (டிரான்ஸ்ஃபோர்மரில் வொட் அளவைத் தெரிவு செய்யும் முனை) தெரிவு செய்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கூட்டுங்கள். 120 வொட் அம்புக்கு 15 வொட் ஸ்பீக்கர் ஆறு கட்டினால் 90 வொட். கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. எட்டுக் கட்டினால் மூச்சு முட்டும்.

சோதனையில் பேசும், பூசையில் அடங்கும்

இந்தத் தவறுதான் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கிறது.

ஒரே பேச்சைப் பத்துப் பெட்டிகளுக்கு அனுப்ப மல்டிகாஸ்ட் என்ற முறை உண்டு. 239 என்று தொடங்கும் ஒரு முகவரிக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும், வேண்டிய பெட்டிகள் அதை எடுத்துக்கொள்ளும். லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். மலிவான சுவிட்ச் அந்த டேட்டாவை எல்லாத் துவாரங்களுக்கும் வாரி இறைக்கும். அதைத் தடுக்க நல்ல சுவிட்ச் ஒன்று வாங்கி, அதில் ஐ.ஜி.எம்.பி ஸ்னூப்பிங் என்ற வசதியைப் போட்டு விடுவார்கள். இப்போது சுவிட்ச் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கும். ஆனால் “இன்னும் வேண்டுமா?” என்று அவ்வப்போது கேட்க நெட்வொர்க்கில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயர் குவெரியர். அவர் இல்லாவிட்டால் வழக்கமான அமைப்பில் 260 விநாடியில் சுவிட்ச் பட்டியலை அழித்துவிடும். இரண்டு நிமிடம் “ஹலோ, ஹலோ” சொல்லிப் பார்க்கும்போது எல்லாம் பிரமாதமாக இருக்கும். ஐயர் மந்திரம் தொடங்கி நாலு நிமிடம் கழிந்ததும் ஒவ்வொரு ஹோர்னாக ஊமையாகும். அம்பை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், கடைக்காரரோடு சண்டை பிடிப்பார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுவிட்ச் ஒன்றிலோ ரவுட்டரிலோ குவெரியரை இயக்கி விடுங்கள். சோதனையைப் பத்து நிமிடத்துக்குக் குறைத்துச் செய்யாதீர்கள்.

வைஃபையில் மல்டிகாஸ்ட் அனுப்புவதையும் தவிருங்கள். அதில் டேட்டா தொலைந்தால் மறுபடி அனுப்பும் ஏற்பாடு இல்லை, சொல் நடுவிலே விட்டுப்போகும். ஒரு மலையிலிருந்து மறுமலைக்கு ரேடியோ லிங்க் போட்டால் அதற்கு மட்டும் யூனிகாஸ்டாக, அதாவது குறித்த ஒரு பெட்டிக்கென்று நேராக, அனுப்புங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்தால் போதாது, நடுவில் நிழல் மரக்கிளைகளும் குறுக்கிடக்கூடாது. ஈர இலை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை நன்றாகவே விழுங்கும். வெயில் நாளில் பூட்டிவிட்டு வந்த லிங்க் மழையில் தடுமாறுவதற்கு அநேகமாக இதுவே காரணம்.

சத்தம் வேறு, பேச்சு வேறு

“சத்தம் நல்லாத்தான் கேக்குது தம்பி. என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கல.” கடைசி லயத்தில் ஒரு ஆத்தா சொன்னது இது. ஒலிபரப்பு வேலையில் இதைவிட முக்கியமான முறைப்பாடு எனக்குத் தெரியாது.

நம்முடைய குளிர்ந்த காற்றில் சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். எதிரில் 170 மீற்றரில் ஒரு பாறைச்சரிவு இருந்தால் நீங்கள் சொன்னது ஒரு விநாடி கழித்துத் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். கோவில் ஹோர்னும் பாடசாலை ஹோர்னும் தள்ளித்தள்ளி இருந்தால் நடுவில் நிற்பவருக்கு இரண்டும் முன்பின்னாகக் கேட்கும். அதோடு ஒவ்வொரு பெட்டியிலும் பஃபர் நேரத்தை (வந்த டேட்டாவைப் பேசுமுன் தேக்கி வைக்கும் நேரம்) வேறுவேறாக வைத்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். விளங்கவில்லை என்றதும் சத்தத்தைக் கூட்டுவதுதான் வழமை. கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது. பெரிய ஹோர்ன் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன ஸ்பீக்கர்களை லயத்துக்கு லயம் குறைந்த சத்தத்தில் வையுங்கள். பாறையைப் பார்த்து அல்ல, வாசலைப் பார்த்துத் திருப்புங்கள். பெட்டிகள் எல்லாவற்றிலும் பஃபர் ஒரே அளவாக இருக்கட்டும். பேசுபவர் சின்ன வசனமாகச் சொல்லி, நிறுத்தி, அடுத்ததைச் சொல்லட்டும்.

சத்தத்தை டேட்டாவாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அதன் தெரிவிலும் ஒரு தவறு நடக்கிறது. பெட்டியோடு வரும் ஜி.711 தொலைபேசிக்கென்று வந்தது. 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் அது வெட்டிவிடும். ச, ஸ போன்ற ஒலிகள் மழுங்குவது அதனால்தான். ஜி.722 ஏழாயிரம் ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும், எடுப்பதும் அதே 64 கிலோபிட்தான். இலவசமாகக் கிடைக்கும் தெளிவை ஏன் விட வேண்டும்? பக்திப் பாடல் போடுகிறவர்களுக்கு இதுவும் போதாது, பெட்டியில் அதற்கு மேலான கோடெக் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். ஹோர்னுக்குப் போகும் சத்தத்தில் அடித்தொனியை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பேச்சும் தெளியும், உள்ளே அதிரும் டயஃப்ரம் என்ற மெல்லிய தகடும் தப்பும்.

மழை, இடி, கரண்ட்

கேபிள் எப்போதும் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிப் போகும். வெளியில் இழுப்பதற்கென்று விற்கும் கறுப்பு உறைக் கேபிளையே வாங்குங்கள். லேன் கேபிளுக்கு எல்லை 100 மீற்றர். அதைத் தாண்டி இழுத்த கேபிளில் பி.ஓ.ஈ (லேன் கேபிளிலேயே போகும்) மின்சாரம் கொடுத்தால் மெல்லப் பேசும்வரை ஓடும், சத்தம் ஏறியதும் பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். சாதாரண பி.ஓ.ஈ சுவிட்ச் ஒரு துவாரத்தில் 15.4 வொட் கொடுத்தாலும் மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வொட்தான். ஸ்பீக்கர் வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி நமக்குப் பழக்கம். கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கேபிள் இழுத்தால் மின்னல் ஒரு இடத்தில் விழுந்தாலும் இரண்டு பக்கத்துச் சாமானும் போகும். நடுவில் ஃபைபர் போடுங்கள். முடியாவிட்டால் இரண்டு முனையிலும் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைத்து, அதை உண்மையான எர்த்தில் கட்டுங்கள். எர்த் இல்லாத புரொடெக்டரால் பயனில்லை.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிவு லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. எழும்பி வெளியே போங்கள் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் கரண்டும் இன்டர்நெட்டும் இருக்கும் என்று நம்பி ஒரு அமைப்பைப் பூட்டக்கூடாது. அம்புக்கு பெட்டரி வைத்துவிட்டு சுவிட்சையும் ரவுட்டரையும் சுவர் பிளக்கில் விட்ட இடங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். வழியிலுள்ள ஒன்று அணைந்தாலும் எல்லாம் ஊமை. எச்சரிக்கைச் செய்தியைத் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே பதிந்து பெட்டியின் நினைவகத்திலேயே வையுங்கள், இணையத்தில் அல்ல. வெளியேறிப் போக வேண்டிய இடத்தையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் அதில் சொல்லிவிடுங்கள்.

பாடசாலை மணியைப் பெட்டியிலேயே நேரம் வைத்து அடிக்க விடுகிறவர்கள் நேர வலயத்தை +5:30 என்று பாருங்கள். 2006 ஏப்ரல் வரை இலங்கை +6இல் இருந்தது, பழைய மென்பொருளில் அது இன்னும் கிடக்கலாம். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். ரவுட்டரில் போர்ட் திறந்து பெட்டியை இணையத்துக்குக் காட்டாதீர்கள். உலகெங்கும் எஸ்.ஐ.பி (SIP, இணையத் தொலைபேசி முறை) இலக்கங்களைத் தட்டிப் பார்க்கும் ப்ரோகிராம்கள் ஓடுகின்றன, நடுச்சாமத்தில் ஹோர்ன் தானாக அலறிய கதைகளுக்குப் பின்னால் அநேகமாக அவைதான். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும், பெட்டரியில் ஓடுகிறதா என்று பார்க்க, கரண்ட் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒருவர் மைக்கில் பத்து வசனம் வாசிக்கட்டும். இன்னொருவர் கடைசி லயத்தில், காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டதைக் கொப்பியில் எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருக்கும் ஒரு நாளில் இதையே இன்னொரு தடவை செய்யுங்கள்.