தெற்கே ராத்திரி பஸ்ஸில் முதல் தடவை போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்

ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் 140 என்று காட்டும், ஊரில் கல்யாணமோ துக்கமோ காத்திருக்கும், அப்போது நமக்கு மிச்சம் இருப்பது ராத்திரி பஸ்தான். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் பல வருடமாக இப்படித்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன். புதிதாக சென்னைக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்த பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: டிக்கெட் விலையையும் சீட்டையும் அப்புறம் பாருங்கள், முதலில் எங்கே ஏறப்போகிறோம், எங்கே இறங்கப்போகிறோம் என்று பாருங்கள். நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம். ஆட்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதெல்லாம் அந்த இரண்டு இடத்தில்தான்.

ஏறும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறந்தார்கள், தென்மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன. வண்டலூரைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் இருக்கிறது, கோயம்பேட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அண்ணாநகர், பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கே போய்ச் சேருவதே ஒரு தனிப் பயணம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பண்டிகைக்கு முந்தைய நாட்களிலும் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் வண்டி நகராது, அதனால் மின்சார ரயிலில் தாம்பரம் வரை வந்து அங்கிருந்து மாநகர பஸ் பிடிப்பதுதான் என் வழக்கம். ஒன்பது மணி பஸ்ஸுக்கு எட்டேகாலுக்கு உள்ளே இருக்கிற மாதிரி கிளம்புங்கள். கிளாம்பாக்கத்துக்கு உள்ளேயே நடக்க வேண்டிய தூரமும் கொஞ்சம் அதிகம், வயதானவர்களைக் கூட்டிப்போனால் இதையும் கணக்கில் வையுங்கள். ஆம்னி பஸ் என்றால் டிக்கெட்டில் போர்டிங் பாயின்ட் என்று ஒரு இடமும் ஒரு நேரமும் போட்டிருக்கும். பஸ் புறப்படும் நேரம் வேறு, உங்கள் இடத்துக்கு அது வரும் நேரம் வேறு. அன்று மாலை வண்டி எண்ணும் கண்டக்டர் அல்லது டிரைவர் போன் நம்பரும் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும், அதை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

தேதி விஷயத்தில் ஒரு பெரிய குழி இருக்கிறது. நள்ளிரவு 12.15 பஸ்ஸுக்கு 14-ம் தேதி டிக்கெட் போட்டால், அது 13-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய பஸ். என் தங்கை 14-ம் தேதி ராத்திரி பதினொன்றரைக்குப் பையும் கையுமாகப் போய் நின்றாள், அவள் பஸ் முந்தின ராத்திரியே போய்விட்டிருந்தது. பொங்கல் நேரம், வேறு சீட் கிடைக்காமல் விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல் புறப்படும் பஸ் என்றால் தேதியை இரண்டு தடவை பாருங்கள்.

சீட்டைப் பற்றி. எந்த பஸ்ஸாக இருந்தாலும் நடுப்பகுதிதான் நல்லது. பின் சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னாலும் இருக்கும் வரிசைகளில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் உடம்பு எழும்பி விழும். இடுப்பு வலி, கழுத்து வலி இருப்பவர்கள், கர்ப்பிணிகள் கடைசி வரிசையைத் தயவுசெய்து எடுக்காதீர்கள், விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம். கதவுக்குப் பக்கத்து சீட்டில் ராத்திரி முழுக்க ஆள் ஏறி இறங்குவார்கள், தூக்கம் வராது. பயணத்தில் வாந்தி வருகிறவர்கள் முன்பக்கமாக, சாலை தெரிகிற மாதிரி உட்கார்ந்தால் எவ்வளவோ பரவாயில்லை. ஸ்லீப்பரில் படுத்தால் சிலருக்குக் குமட்டல் கூடும், அவர்களுக்கு சாய்கிற சீட்டே மேல். ஸ்லீப்பர் எடுப்பதானால் பெரியவர்களுக்குக் கீழ் பெர்த்தான். ஓடும் பஸ்ஸில் அந்தச் சின்ன ஏணியில் இருட்டில் கால் தேடி இறங்குவது அறுபது வயதுக்காரருக்கு ஆகாது. தனியாகப் போகும் பெண்கள் ஒற்றை பெர்த் இருக்கும் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், அது இல்லையென்றால் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெண் பதிவு செய்த இடமாகப் பாருங்கள், ஆப்பில் அதைத் தனி நிறத்தில் காட்டுவார்கள்.

அரசு விரைவு பஸ்ஸா, ஆம்னியா என்று கேட்பீர்கள். பண்டிகை நேரம் என்றால் நான் யோசிக்காமல் அரசு பஸ்தான் சொல்வேன், கட்டணம் ஏறாது, ஒரு வண்டி பழுதானால் பின்னால் வரும் இன்னொரு அரசு பஸ்ஸில் ஏற்றிவிட வழி இருக்கிறது. இருக்கை கொஞ்சம் பழசாக இருக்கும், ஜன்னல் கண்ணாடி ஓடும் தடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி பஸ் திரும்பும்போது தொடையில் சொட்டும், ஒரு பழைய துண்டு கையில் இருந்தால் அதற்கு வழி பண்ணிவிடலாம். ஆம்னி ஏசி பஸ்ஸில் பிரச்சினை வேறு. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் குளிர் எலும்பில் இறங்கும், தலைக்கு மேல் இருக்கும் காற்று வருகிற ஓட்டையைத் திருகி மூடலாம், சில வண்டியில் அது உடைந்திருக்கும். போர்வை தருவார்கள் என்று நம்பாமல் காதை மூடுகிற மாதிரி ஒன்றும் ஒரு சால்வையும் கொண்டுபோங்கள்.

இப்போது யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். பெரும்பாலான பஸ்களில் கழிப்பறை கிடையாது. என் அம்மா ஊருக்குக் கிளம்பும் நாளில் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார், கேட்டால் "ராத்திரி எங்கேப்பா போய் நிப்பாட்டச் சொல்றது" என்பார். ஊர் போய்ச் சேரும்போது தலைவலியும் நீர்க்கடுப்பும் சேர்ந்தே வரும். எத்தனையோ வீட்டுப் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள், எனக்கு இது மனதை அறுக்கிற விஷயம். பட்டினி கிடப்பது போல இதையும் செய்யக்கூடாது. பகலெல்லாம் நன்றாகக் குடித்துவிட்டு, கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து அளவாகக் குடியுங்கள், சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், பஸ் ஏறும் முன் தேவை இருக்கிறதோ இல்லையோ முனையத்தில் ஒருமுறை போய்விடுங்கள். பஸ்ஸிலும் அவ்வப்போது ஒரு வாய் குடித்துக்கொண்டே இருக்கலாம். ஏறியதுமே கண்டக்டரிடம் "எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு" என்று கேட்டு வையுங்கள். நடுவில் அவசரம் என்றால் தயங்காமல் எழுந்து போய் டிரைவரிடம் சொல்லுங்கள். டோல்கேட் பக்கமோ பெட்ரோல் பங்கிலோ, கழிப்பறை இருக்கும் வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டு நிறுத்தாத டிரைவரை இதுவரை பார்த்ததில்லை, முணுமுணுத்தவர்கள் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களும் பிராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் டிரைவரும் கண்டக்டரும் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

மோட்டலில் நிற்கும்போது பெரும்பாலும் நள்ளிரவு ஆகியிருக்கும். விளக்கு எரியும், ஸ்பீக்கரில் பாட்டு அலறும், தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் இறங்குவார்கள். இறங்கும் முன் பஸ் எண்ணைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது ஒரே நிறத்தில் ஆறு பஸ் நிற்கும். எத்தனை நிமிடம் என்று கண்டக்டர் சொல்வதைக் காதில் வாங்குங்கள், பதினைந்து என்றால் பத்தில் திரும்பிவிடுங்கள். பக்கத்து சீட்காரரிடம் "நான் வந்துடறேன், பார்த்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது எல்லாவற்றையும்விட நம்பகமான வழி. சாப்பாடு அங்கே விலையும் அதிகம், சில இடத்தில் பரோட்டா சால்னா எப்போது செய்தது என்றே தெரியாது. வீட்டிலிருந்து இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டிக்கொண்டு போங்கள், சிந்தாது, ஒழுகாது, பஸ் குலுங்கினாலும் ஒரு கையால் சாப்பிடலாம். ஐந்து, பத்து ரூபாய்ச் சில்லறை கையில் இருக்கட்டும், கழிப்பறை வாசலில் ஜிபே கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள், ராத்திரி முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தால் கால் வீங்கும்.

லக்கேஜ்: மருந்து, பணம், சான்றிதழ், நகை, லேப்டாப் எதுவும் டிக்கிக்குப் போகக்கூடாது. மற்றதைப் போட்டுப் பூட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

பாதுகாப்பு பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், பயமுறுத்த இல்லை. 2013 அக்டோபர் 30 விடியற்காலை, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசு பஸ் மகபூப்நகர் மாவட்டம் பாலம் கிராமத்தருகே தீப்பிடித்ததில் 45 பேர் இறந்தார்கள். ஏசி பஸ்ஸில் ஜன்னல் திறக்காது, கதவு ஒன்று சிக்கிக்கொண்டால் வேறு வழி தெரிந்திருக்க வேண்டும். ஏறியவுடன் அவசர வழி எந்தப் பக்கம், கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே மாட்டியிருக்கிறது என்று அரை நிமிடம் பாருங்கள். அந்த வழியை அடைத்து மூட்டை வைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். சீட்டில் பெல்ட் இருந்தால் போடுங்கள். டிரைவர் போன் பேசிக்கொண்டு ஓட்டினால் கண்டக்டரிடம் சொல்லலாம். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, பெண்களுக்கு 181.

கடைசியாக இறங்கும் இடம். இதற்குத்தான் நான் முதலிலேயே அவ்வளவு சொன்னேன். நெடுந்தூர பஸ்கள் பல, வழியில் இருக்கும் ஊருக்குள் வராது, பைபாஸிலேயே போய்விடும். நாகர்கோவில் பஸ்ஸில் விருதுநகருக்கு டிக்கெட் எடுத்தால் உங்களை இறக்கிவிடும் இடம் நான்குவழிச் சாலையின் ஓரமாக இருக்கலாம். என் அப்பாவை அப்படி ஒருமுறை விடியற்காலை மூன்றே முக்காலுக்கு ஒரு பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள், ஆட்டோ கிடையாது, டீக்கடை திறக்கவில்லை, நாய்கள் சுற்றி நின்று குரைத்தன. ஊருக்குள் வரும் என்று டிக்கெட் போடும்போது சொன்னார்கள் என்பது அந்த இருட்டில் எதற்கும் உதவவில்லை. அன்றிலிருந்து நாங்கள் மூன்று வேலை செய்கிறோம். பதிவு செய்யும்போதே டிராப்பிங் பாயின்ட் பஸ் ஸ்டாண்டா பைபாஸா என்று பார்ப்போம். ஏறியதும் கண்டக்டரிடம் மறுபடி கேட்டு உறுதி செய்வோம். பைபாஸ்தான் என்றால் அழைத்துப்போக ஒரு ஆளை முன்னாலேயே ஏற்பாடு செய்வோம், இல்லையென்றால் வெளிச்சம் வந்தபிறகு போய்ச் சேருகிற பஸ்ஸாக, அதாவது இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளிக் கிளம்புகிற பஸ்ஸாகப் பார்ப்போம். சீக்கிரம் போய்ச் சேருவதில் அப்படி ஒன்றும் லாபம் இல்லை.

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர், எட்டு ஒன்பது மணி நேரம். திருநெல்வேலி 620, பதினொன்று பக்கம் ஆகும். நாகர்கோவில் 700, பன்னிரண்டு பதின்மூன்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிருக்கும் நேரத்துக்கு முன்னாலும் போகலாம், இரண்டு மணி நேரம் பிந்தியும் போகலாம், காலை எட்டு மணிக்கு முகூர்த்தம் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். ராத்திரி கண் விழித்து எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் டோல்கேட் பெயரைப் பாருங்கள்: விக்கிரவாண்டி என்றால் இன்னும் விழுப்புரமே தாண்டவில்லை, சமயபுரம் என்றால் திருச்சி வந்தாச்சு, கப்பலூர் என்றால் மதுரை முடிந்தது, எட்டூர்வட்டம் என்றால் சாத்தூர் பக்கம், நெல்லைக்காரர்கள் எழுந்து உட்காரலாம். இறங்க அரை மணி நேரம் முன்னால் அலாரம் வையுங்கள், கண்டக்டர் எழுப்புவார் என்று இருக்காதீர்கள், அவரும் மனிதர்தான், கண் அசந்திருப்பார்.

எழுந்ததும் தலையணைக்கு அடியில், சீட் இடுக்கில், போர்வை மடிப்பில் ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணாடி, சார்ஜர், மோதிரம், காதுக் கருவி, எல்லாம் அங்கேதான் கிடக்கும்.